இரண்டெழுத்துப் பெயரும் நான்கு கேள்விக்குறிகளும்

பொங்கல் விடுமுறைக்கு மன்னார்குடிக்குப் போயிருந்தபோது, அப்பாவின் கணினியில் ஓர் ஆன்டிவைரஸை நிறுவுவதற்காக ஒன்றரை நாள் உட்கார வேண்டியதாயிற்று. அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் போகிக்கு மறுநாள் மாலை, கரும்பைக் கடித்துக்கொண்டே கணினியின் முன் அமர்ந்தேன். மறுநாள் மாட்டுப் பொங்கல் இரவில்தான் எழுந்தேன். இதே சிக்கலில் மாட்டிக்கொள்ளும் வேறு யாருக்காவது பயன்படக்கூடும் என்பதால், எங்கே வழி தவறினேன் என்பதையும் மறைக்காமல் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மின்னஞ்சல் பார்ப்பது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது, பழைய கட்டுரைகளைத் தட்டச்சு செய்து சேர்ப்பது ஆகிய மூன்றுக்கும் மேல் அவர் கணினியில் எதுவும் செய்வதில்லை. இந்தப் பயன்பாட்டுக்கு விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டர் போதும் என்பது என் கருத்து. விண்டோஸ் 7 காலத்தில் டிஃபெண்டர் என்பது உளவு நிரல்களை மட்டும் பார்க்கும் அரைகுறைக் கருவியாக இருந்தது உண்மை. ஆனால் 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அது முழுமையான ஆன்டிவைரஸாகவே இயங்கி வருகிறது. இதை நான் விளக்குவதற்கு முன்பே, கடைக்காரர் மூன்று ஆண்டு உரிமம் கொண்ட ஒரு பெட்டியை விற்றுவிட்டார். பெட்டிக்குள் குறுந்தட்டு இல்லை. சுரண்டிப் பார்க்க வேண்டிய அட்டை ஒன்றுதான் இருந்தது. காசு கொடுத்து வாங்கியாயிற்று, போட்டே தீர வேண்டும் என்பது அப்பாவின் முடிவு.

முதல் தடை மிக எளியது. நிறுவனத்தின் தளத்தைத் திறந்தால், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று உலாவி மறுத்தது. திரையின் வலது மூலையைப் பார்த்தபோது கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. இரண்டு மாதங்கள் அப்பாவும் அம்மாவும் அக்கா வீட்டில் இருந்தார்கள். மெயின் சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரியும் தீர்ந்திருந்தது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் குறிப்பிட்ட தேதியிலிருந்து குறிப்பிட்ட தேதி வரைதான் செல்லும் என்பதால், கடிகாரம் பின்னால் போன கணினிக்கு இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவையாகத் தெரியும். கடைத்தெருவில் பேட்டரி வாங்கிப் போட்டுத் தேதியைச் சரி செய்ததும் தளம் திறந்தது. ஆன்டிவைரஸ் இறங்கவில்லை, உரிம எண்ணை ஏற்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இப்போது தேதியைத்தான்.

இறக்கிய கோப்பை உடனே திறக்காமல், அதன் மீது வலச்சொடுக்கிப் பண்புகளுக்குப் போய், டிஜிட்டல் கையொப்பம் என்ற தாவலில் தயாரிப்பாளரின் பெயர் இருக்கிறதா, கையொப்பம் செல்லும் என்று காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஆன்டிவைரஸின் பெயரிலேயே போலி நிறுவிகள் (நிறுவும் நிரல்கள்) உலவுவதால், இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

அதன் பிறகு வந்தது முதல் பெரிய தடை. வேறொரு பாதுகாப்பு மென்பொருள் இந்தக் கணினியில் இருக்கிறது, அதை நீக்கிவிட்டு மீண்டும் முயலவும் என்று அறிவித்துவிட்டு அந்த நிறுவி நின்றுவிட்டது. நிரல்களின் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. அப்பாவைக் கேட்டதற்கு, "பழசு ஒண்ணு இருந்துச்சுப்பா, சந்தா முடிஞ்சு தினமும் தொல்லை பண்ணுச்சு, நானே எடுத்துட்டேன்" என்றார். எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது. பாதி நீக்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிருக்கிறது. யுபிஎஸ்ஸின் பேட்டரியோ எப்போதோ செத்துவிட்டது. மின்சாரம் வந்த பிறகு பார்த்தால் பட்டியலில் பெயர் இல்லை. ஆகவே போய்விட்டது என்று அவர் விட்டுவிட்டார்.

பட்டியலில் பெயர் இல்லை என்பதும் மென்பொருள் இல்லை என்பதும் ஒன்றல்ல. ஆன்டிவைரஸ் என்பது மற்ற மென்பொருள்களைப் போல ஒரு கோப்புறைக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. நாம் எந்தக் கோப்பைத் திறந்தாலும் அது திறக்கப்படும் முன் தன் பார்வைக்கு வர வேண்டும் என்பதற்காக, விண்டோஸின் மையப்பகுதியான கருவுக்குள்ளேயே, வடிகட்டி டிரைவர் என்ற சிறு நிரல் ஒன்றை அது பொருத்தி வைக்கிறது. இப்படிப்பட்ட இரண்டு வடிகட்டிகள் ஒரே நேரத்தில் இருந்தால், ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று சோதிக்க, அது திறப்பதை இது சோதிக்க என்று கணினி தத்தளிக்கத் தொடங்கும். சில நேரங்களில் முற்றிலும் செயலிழந்து நீலத்திரையில் போய் நிற்கும். எனவே புதிய நிறுவி பழையதைக் கண்டு மறுத்தது அடாவடி அல்ல, நியாயமான எச்சரிக்கைதான்.

எச்சம் உண்மையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கட்டளைகளைத் தட்டும் கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, எஃப், எல், டி, எம், சி (fltmc) என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினால், அப்போது ஏற்றப்பட்டிருக்கும் வடிகட்டிகளின் பட்டியல் வரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உயரம் என்ற தலைப்பின் கீழ் ஓர் எண் இருக்கும். ஒரு கோப்புக்கான வேண்டுகோள் எந்த வடிகட்டியை முதலில் கடக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் எண் அது. ஆன்டிவைரஸ்களுக்கு என்று மைக்ரோசாஃப்ட் ஒதுக்கியிருக்கும் எல்லை 320000 முதல் 329998 வரை. பெயர்கள் புரியாவிட்டாலும், 32 என்று தொடங்கும் ஆறு இலக்க எண்களை மட்டும் பார்த்தால் போதும். அப்பாவின் கணினியில் அப்படி இரண்டு வரிகள் இருந்தன. 328010 என்பது டிஃபெண்டருடையது. மற்றொன்று, எப்போதோ நீக்கப்பட்டதாகக் கருதப்பட்ட பழைய மென்பொருளுடையது.

இதை விடவும் என்னைக் கவலைப்பட வைத்தது விண்டோஸ் செக்யூரிட்டி திரை. பாதுகாப்பு வழங்குநர் என்ற இடத்தில் பழைய மென்பொருளின் பெயரே இன்னும் நின்றது. வேறொரு ஆன்டிவைரஸ் தன்னைப் பதிவு செய்துகொண்டால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்வது விண்டோஸின் வழக்கம். பதிவு இருக்கிறது, ஆள் இல்லை என்ற நிலையில், புதியவரும் வராமல் வீட்டுக்காரரும் காவலுக்கு நிற்காமல், அப்பா பல மாதங்கள் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இங்கே கைவரிசை காட்ட ஆசை வரும். டிரைவர் கோப்பு எங்கே இருக்கிறது என்பது தெரியும். அழித்துவிட்டால் என்ன என்று தோன்றும். கல்லூரி நாட்களில் ஒரு நண்பனின் மடிக்கணினியில் நான் அதைத்தான் செய்தேன். அந்த ஆன்டிவைரஸ் விசைப்பலகைக்கும் ஒரு வடிகட்டி போட்டிருந்தது. நான் டிரைவர் கோப்பை அழித்துவிட்டேன், ஆனால் விண்டோஸின் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், விசைப்பலகையின் மேல்நிலை வடிகட்டிகள் என்ற பதிவில் அதன் பெயர் அப்படியே இருந்தது. இல்லாத டிரைவரைத் தேடிக் கிடைக்காததால் விண்டோஸ் விசைப்பலகையையே ஏற்ற மறுத்துவிட்டது. கடவுச்சொல்லைத் தட்ட முடியாத திரையின் முன்னால் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். கருவுக்குள் இயங்கும் நிரலில் சிறு பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன.

சரியான வழி, பழைய மென்பொருளைத் தயாரித்தவர்களே தரும் நீக்கும் கருவியைப் பயன்படுத்துவதுதான். பெயர் பெற்ற ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் உதவிப் பக்கத்தில் இப்படி ஒரு சிறு கருவியை வைத்திருக்கின்றன. அதை, அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடில் இயக்கச் சொல்வார்கள்; அந்த நிலையில் பழைய வடிகட்டியும் அதன் தற்காப்பும் விழித்திருக்காது என்பதே காரணம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, தொடக்க அமைப்புகளுக்குப் போய், 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோடு வரும். டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்ட மடிக்கணினிகள் இந்த இடத்தில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும் என்பதால், அதை முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கருவி இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்தது. ரீஸ்டார்ட் செய்து பட்டியலைப் பார்த்தேன். 328010 மட்டுமே நின்றது. டிஃபெண்டரும் தானாகவே விழித்துக்கொண்டது.

இத்துடன் முடிந்தது என்று நினைத்துப் புதிய நிறுவியை இயக்கினேன். முன்னேற்றப் பட்டை சிறிது நகர்ந்து நின்றது. நிறுவல் தோல்வியுற்றது, உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும் என்ற செய்தி வந்தது.

அந்தச் செய்தியை நம்பியதுதான் நான் செய்த பெரிய தவறு. மோடத்தை அணைத்துப் போட்டேன், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினேன், ஃபயர்வாலைப் பார்த்தேன், முழு நிறுவியையும் தனிக் கோப்பாக இறக்கி, இணையமே தேவைப்படாத வகையில் முயன்றேன். அதற்கும் அதே செய்திதான் வந்தது. இணையம் தேவைப்படாத நிறுவி இணையத்தைக் குறை சொல்கிறது என்றால் அது பொய் சொல்கிறது என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, நச்சுநிரல் ஏதாவது தடுக்கிறதோ என்ற சந்தேகத்துக்குத் தாவினேன். இது அடிப்படையற்ற சந்தேகமும் அல்ல. 2008இல் பரவிய கான்ஃபிக்கர் புழு, பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்களைத் திறக்க விடாமல் முகவரித் தேடலையே மறித்தது. தளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தத் தளங்களின் பெயரை எழுதி, அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1க்குத் திருப்பிவிடும் நச்சுநிரல்களும், ஆன்டிவைரஸின் நிரல் பெயரை ரெஜிஸ்ட்ரியில் எழுதி அது திறந்தவுடன் வேறெதையாவது திறக்கச் செய்பவையும் உண்டு. இரண்டையும் பார்த்தேன், சுத்தமாக இருந்தன. விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே சோதிக்கும் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனையும் ஓட விட்டேன். கால் மணி நேரத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது. விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளைகளையும் ஓட்டினேன். அவையும் குறை எதையும் காணவில்லை. அம்மா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுப் போனார்.

இரவு பத்து மணிக்குத்தான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். லாக் கோப்பைத் தேடினேன். பெரும்பாலான நிறுவிகள் தாம் செய்வதை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டே போகும். பெரும்பாலும் அது, நிரல்கள் தற்காலிகமாக எழுதும் டெம்ப் கோப்புறையில் இருக்கும். இல்லாவிட்டால் சி டிரைவில் மறைந்திருக்கும் புரோகிராம் டேட்டா என்ற கோப்புறையில், தயாரிப்பாளரின் பெயருக்குள் இருக்கும். எனக்கு இரண்டாவது இடத்தில் கிடைத்தது. நோட்பேடில் திறந்து கடைசியிலிருந்து மேல் நோக்கிப் படித்தேன். இணையம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கோப்புறையை உருவாக்க முடியவில்லை என்ற வரியும், அதன் அருகே இந்தப் பாதையும் இருந்தன:

சி:\யூசர்ஸ்\????\ஆப்டேட்டா\லோக்கல்\டெம்ப்

வரியின் முடிவில் பிழை எண் 123 என்று இருந்தது.

விண்டோஸின் பிழை எண்கள் பார்ப்பதற்கு மொட்டையாக இருந்தாலும் துல்லியமானவை. 3 என்றால் அந்தப் பாதையே இல்லை. 5 என்றால் உரிமை மறுக்கப்பட்டது. 123 என்றால் கொடுத்த பெயர் பெயராகவே இருக்கத் தகுதியற்றது. கேள்விக்குறி கோப்பின் பெயரிலோ கோப்புறையின் பெயரிலோ வரக்கூடாத குறி என்பதால் 123 வந்ததில் வியப்பில்லை. ஆனால் கேள்விக்குறிகள் எங்கிருந்து வந்தன?

அந்த இடத்தில் இருக்க வேண்டியது பயனர் கணக்கின் பெயர். அந்தக் கணக்கின் பெயர் "வீடு". மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெயரை வைத்தவன் நானே. கடையில் போட்டுக் கொடுத்த கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கியபோது, "தமிழிலேயே வையேன், வீட்டுக்குப் பொதுவாக இருக்கட்டும்" என்று அப்பா சொன்னார், வைத்தேன். பழைய ஆன்டிவைரஸ் தொல்லையில்லாமல் நிறுவப்பட்டதற்கும் விடை இதிலேயே கிடைத்துவிட்டது. அதைக் கடைக்காரர் ஆங்கிலப் பெயர் கொண்ட தன் கணக்கிலிருந்து போட்டிருந்தார்.

வீடு என்பது இரண்டே எழுத்து, கேள்விக்குறிகளோ நான்கு. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் பிடிபட்டது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் வகரமும் ஈகாரக் குறியும் தனித்தனி. டகரமும் உகரக் குறியும் தனித்தனி. ஆக நான்கு. நிறுவியின் உள்ளே, கோப்பைப் பிரித்துப் போடும் ஏதோ ஒரு பழைய பகுதி யூனிகோடு அறியாதது. அப்படிப்பட்ட நிரல்களுக்கு விண்டோஸ் தன் எழுத்துகளை, எழுத்துக்கு ஒரு பைட் வீதம் சில எழுத்துகளே கொள்ளும் பழைய ஒற்றை பைட் அட்டவணைக்கு மாற்றிக் கொடுக்கும். அந்த அட்டவணையில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி விழும். ரஷ்ய மொழிக்கும் கிரேக்கத்துக்கும் அரபிக்கும் விண்டோஸில் அத்தகைய பழைய அட்டவணைகள் உண்டு. தமிழ் விண்டோஸுக்குள் யூனிகோடு வழியாக மட்டுமே வந்தது. அதற்கென்று பழைய அட்டவணையே கிடையாது. ஆகவே மாஸ்கோவில் இருப்பவர் தன் கணினியின் வட்டார அமைப்பை மாற்றித் தப்பித்துக்கொள்ளலாம். மன்னார்குடியில் இருப்பவருக்கு அந்த வழி அடைபட்டது.

ஒரு வழி இருக்கிறது என்றும் சொல்லலாம். வட்டார அமைப்புகளில், உலக மொழிகள் அனைத்துக்கும் யூனிகோடின் ஒரு வடிவமான யூடிஎஃப்-8ஐப் பயன்படுத்துக என்று, பீட்டா (சோதனை நிலை) என்ற முத்திரையுடன் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குறியிட்டால் பழைய நிரல்களும் தமிழை உணரக்கூடும். நான் அதைத் தொடவில்லை. அப்பாவிடம் 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய டாம், டாப் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன. அந்த எழுத்துருக்கள் அதே ஒற்றை பைட் அட்டவணையின் இடங்களில் தமிழை ஏற்றி வைத்தவை. அட்டவணையை மாற்றினால் அவற்றைத் திறக்கும் பழைய நிரல்கள் பிதற்றத் தொடங்கும். ஓர் ஆன்டிவைரஸுக்காக ஒருவரின் இருபது ஆண்டு எழுத்தைப் பணயம் வைக்க நான் தயாராக இல்லை.

செய்தது இதைவிடச் சிறியது. சி டிரைவின் வேரில் ஆங்கிலப் பெயரில் ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கினேன். சிஸ்டம் பண்புகளில் மேம்பட்டவை என்ற தாவலின் அடியில் இருக்கும் சூழல் மாறிகள் பொத்தானை அழுத்தினால் மேலும் கீழுமாக இரண்டு பட்டியல்கள் வரும். மேலே பயனருடையது, கீழே கணினியினுடையது. மேல் பட்டியலில் மட்டும், தற்காலிகக் கோப்புறை எங்கே என்று நிரல்களுக்குச் சொல்லும் டெம்ப், டிஎம்பி என்ற இரண்டின் மதிப்புகளையும் குறித்து வைத்துக்கொண்டு, புதிய கோப்புறையின் பாதையைக் கொடுத்தேன். வெளியேறி மீண்டும் உள்நுழைந்து நிறுவியை இயக்கினேன். ஆறே நிமிடத்தில் முடிந்தது. ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தேன்.

முடிந்தது என்ற செய்தியையும் இம்முறை அப்படியே நம்பவில்லை. வடிகட்டிப் பட்டியலில் 32இல் தொடங்கும் புதிய வரி வந்திருந்தது. விண்டோஸ் செக்யூரிட்டி திரையில் புதிய பெயர் நின்றது. ஐகார் சோதனைக் கோப்பையும் உருவாக்கிப் பார்த்தேன். அது 68 எழுத்துகள் கொண்ட தீங்கற்ற ஒரு வரி. ஆன்டிவைரஸ்கள் அதை வைரஸாகக் கருதிப் பிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. சேமித்த மறுகணமே மறைந்தது. அதன் பின் இரண்டு மாறிகளையும் பழைய மதிப்புகளுக்கே திருப்பிவிட்டேன். அன்றாடப் புதுப்பிப்புகளைச் செய்வது அப்பாவின் கணக்கல்ல, கணினியின் பின்னணிச் சேவை; அதற்கான டெம்ப் கோப்புறை விண்டோஸுக்குள்ளேயே தனியாக இருக்கிறது. ஆகவே கேள்விக்குறிகள் திரும்பி வர வழியில்லை. இதுவரை வரவும் இல்லை.

விண்டோஸின் சொந்த நிறுவல் சேவை வழியாக வரும் மென்பொருள்களில் வேறு இரண்டு எண்களை அடிக்கடி காணலாம். 1618 என்றால் பின்னணியில் இன்னொரு நிறுவல் ஓடுகிறது என்று பொருள், காத்திருந்தால் போதும். 1603 என்பது ஏதோ தவறு என்பதற்கு மேல் எதையும் சொல்லாத எண்; அதன் லாக் கோப்பில் ரிட்டர்ன் வேல்யூ 3 என்ற சொற்களை ஆங்கிலத்தில் தேடி, முதலில் அகப்படும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் வரிகளைப் படிக்க வேண்டும். உண்மையான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கேள்விக்குறிகள் இருந்த அந்த வரியை நிறுவனத்தின் உதவி மையத்துக்கு அனுப்பி வைத்தேன். கணினியை ரீஸ்டார்ட் செய்து பார்க்கவும், இணைய இணைப்பைச் சரிபார்க்கவும் என்று பதில் வந்தது.

கணக்குக்குத் தமிழில் பெயர் வைக்க விரும்புபவர்கள் முதலில் ஆங்கில எழுத்துகளில் ஒரு பெயரைக் கொடுத்துக் கணக்கை உருவாக்கி, ஒரு முறை அதற்குள் போய் வந்துவிட வேண்டும். கோப்புறை அப்போதுதான் உருவாகிறது, அதன் பெயரும் அப்போதே நிலைத்துவிடுகிறது. பிறகு கண்ட்ரோல் பேனலில் கணக்கின் பெயரைத் தமிழுக்கு மாற்றினால், உள்நுழையும் திரையில் தமிழ் வரும்; கோப்புறையின் பெயர் மாறாது. அடுத்த முறை போகும்போது அப்பாவின் கணினியிலும் இப்படிப் புதுக் கணக்கைத் தொடங்கி, கோப்புகளை அதற்கு மாற்றிக் கொடுக்க எண்ணியிருக்கிறேன். திரையில் வரும் பெயர் வீடு என்றே இருக்கும்.